குதிரைக்கும் சேர்த்துத்தான் தர்மம்

வார இறுதியில் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஒரு குதிரைச் சவாரி. வசூலாகும் பணம் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கு. அதற்குப் போய் வந்ததைப் போன வாரம் இந்தப் பகுதியில் நாலே வரி எழுதினேன். வந்த கடிதங்களோ ஒரு கட்டு. அதனால் இந்த வாரம் முழுக்கக் குதிரைதான்.

கேள்வி: நன்கொடை கொடுக்கக் குதிரை எதற்கு? உண்டியல் போதாதா? (இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்)

பணம் மட்டும் வேண்டுமென்றால் போதும் அம்மா. உண்டியலில் போட்டவருக்குத் தன் பணம் எங்கே போனது என்று தெரியாது. சவாரிக்கு வந்தவரோ, தான் யாருக்காகக் கொடுத்தாரோ அந்தப் பிள்ளை குதிரை மேல் நிமிர்ந்து உட்காருவதைத் தன் கண்ணால் பார்க்கிறார். பார்த்தவர் அடுத்த மாதமும் வருகிறார்.

கேள்வி: குதிரையெல்லாம் பணக்காரர் சமாச்சாரம். நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? (ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், கிள்ளான்)

ஐயா, கிள்ளானிலிருந்து காப்பார் பக்கமோ பந்திங் பக்கமோ வண்டியை விடுங்கள். பழைய தோட்டத்துக் கோயில் கண்ணில் பட்டால் இறங்கிப் பாருங்கள். மதுரை வீரனும் முனியாண்டியும் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் சிமெண்டில் ஒரு வெள்ளைக் குதிரையும் நிற்கும். பால்மரம் வெட்டிய கைகள் காசு சேர்த்து எழுப்பிய குதிரை அது. தமிழ்நாட்டில் ஐயனாருக்கு மண்ணால் குதிரை செய்து வைத்தோம். மதுரையில் அழகர் வைகையில் இறங்குவதும் தங்கக் குதிரையில்தான். ஸ்ரீரங்கத்து சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். சாமிக்குக் கொடுத்த வாகனத்தில் நாம் ஏறுவதற்குத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் அங்கே வந்து இறங்கின என்கிறார். வருஷக் கடைசியில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். அவர் சொன்ன காரணம்: வளர்க்கத் தெரியவில்லை, குதிரை வைத்தியம் பார்க்க ஆளில்லை, அப்படிப்பட்டவர்கள் அங்கே போய்விடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள். செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! அவர் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருந்தாலும், வெப்ப நாட்டில் குதிரை வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் பாடம். அழகாகச் செதுக்கத் தெரிந்த நமக்குத் தண்ணீர் காட்டவும் தெரிய வேண்டும்.

கேள்வி: மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? (மாணவர், ஷா ஆலம்)

கூடாது. அது ‘மண் குதிர்’, அதாவது ஆற்று நடுவே திட்டாகத் தெரியும் மணல்மேடு என்று சொல்வோரும் உண்டு. எதுவானாலும் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் நிஜக் குதிரையை நம்பியும் தோட்டத்துக் கால்வாயில் இறங்க வேண்டாம். ஆழம் தெரியாத தண்ணீரில் அதுவும் மிரளும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பெருமூளை வாதம். குதிரை ஏற்றினால் நடந்துவிடுவான் என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா? (ஒரு தாய், பூச்சோங்)

அம்மா, நடந்துவிடுவான் என்று சொன்னவரை நம்பாதீர்கள். குதிரையை நம்புங்கள். இரண்டும் வேறு.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசைந்து, லேசாகத் திரும்பவும் செய்கிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் அப்படியே அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவது ஏறக்குறைய அதே மாதிரிதான். கால் நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு நடையின் தாளம் கிடைப்பது அங்கேதான். விழாமல் இருக்க முதுகும் வயிறும் தாமாகவே வேலை செய்கின்றன. குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 பாகை, நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். இறுகிய தொடைத் தசைக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். நிமிர்ந்து உட்காருவதிலும் சமநிலையிலும் முன்னேற்றம் தெரிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நோய் தீரும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

போன வாரம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் மகன் வயதுதான் இருக்கும். வலது கை முஷ்டியாகவே மூடியிருந்தது. ஏற்றி உட்கார வைத்ததும் அழுதான். பக்கத்தில் நின்ற பெண் அவனது இடது கையை எடுத்துப் பிடரி மயிரில் வைத்தார். குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது. அவன் அழுகையை நிறுத்தி அந்தக் காதையே பார்த்தான். மூன்றாவது சுற்றில், மூடியிருந்த வலது கையில் இரண்டு விரல் விரிந்து மயிருக்குள் போயிருந்தது. யாரும் கைதட்டவில்லை, கைதட்டினால் குதிரை மிரளும். அவன் அம்மா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலோ, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலோ ஏற்றக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பைப் பார்த்த பிறகே அனுமதி. இந்தக் காகிதத்தைக் கேட்காமல் உங்கள் மகனைத் தூக்கிக் குதிரை மேல் வைக்கிறவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்த வைத்தியம் யார் கண்டுபிடித்தது? (ஆசிரியை, செந்தூல்)

கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. உலகை நம்ப வைத்தவர் என்றால் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். 1944-ல் வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. மறுபடி குதிரை ஏறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரை நடைப் போட்டியில் பெண்களும் ஆண்களோடு மோதலாம் என்று அனுமதித்த முதல் ஆண்டிலேயே வெள்ளி வாங்கினார். பதக்க மேடை ஏற அவருக்குக் கை கொடுத்தவர், அவரைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற சுவீடன் வீரர். அதற்குப் பிறகுதான் மாற்றுத் திறனாளிகளுக்கான குதிரையேற்றம் ஐரோப்பாவில் வேர் பிடித்தது. பிரிட்டனில் 1969-ல் அதற்கென ஆர்டிஏ என்று ஒரு சங்கமே அமைந்தது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஆர்டிஏ மலேசியா அதே பணியைச் செய்கிறது, தொண்டர்களின் கையை நம்பி.

கேள்வி: மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் கோயில் கட்டினார். எங்கள் குழு குதிரைச் சவாரியில் வசூலித்த பணத்தில் மண்டபம் கட்டினால் மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்? (சங்கச் செயலாளர், ரவாங்)

பாண்டியன் பணத்தைத் திருப்பெருந்துறையில் செலவழித்த அவரை அரசன் சிறையில் போட்டான் ஐயா. அவரை மீட்க நரியைப் பரியாக்கிக்கொண்டு சிவன் வந்தார். உங்களைத் தேடிச் சங்கப் பதிவகம்தான் வரும்.

நேராகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு என்று வாங்கிய ஒரு வெள்ளியைக்கூட மண்டபத்துக்கு மாற்றக் கூடாது. தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். வரிவிலக்கு ரசீது தருவதாகச் சொன்னால், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் உங்கள் அமைப்புக்கு இருக்க வேண்டும். சவாரி முடிந்த வாரமே வரவு, செலவு, கைக்கு வந்த மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். நம் சங்கங்களில் பாதிச் சண்டை அந்த ஒரு தாள் இல்லாததால் வருகிறது.

கேள்வி: வெயிலில் நடப்பது குதிரைக்குப் பழக்கம்தானே? இவ்வளவு கவலை எதற்கு? (வாகனமோட்டி, பெட்டாலிங் ஜெயா)

எனக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணம். அதை மாற்றியது ஒரு மட்டக்குதிரை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளத்தாக்கில் ஒரு நிதி திரட்டு விழா. மதியம் ஒரு மணி. ஒரு சுற்றுக்குப் பத்து வெள்ளி. பிள்ளைகள் வரிசை கூடாரத்தைத் தாண்டி நின்றது. பழுப்பு நிறக் குதிரை, காலையிலிருந்து அது ஒன்றுதான் ஓடுகிறது. சேணத்துக்குக் கீழே வெள்ளை நுரை தள்ளியிருந்தது. குதிரை வியர்வையில் சோப்பு மாதிரி நுரைக்கும் ஒரு புரதம் உண்டு, அதனால் நுரையைக் கண்டு நான் பயப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் நுரை காய்ந்து உப்புப் படிந்தது. கயிறு பிடித்திருந்த பையன், “வேர்வை நின்னுடுச்சு, பரவாயில்ல” என்றான். எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. அன்று சாயங்காலம் அது தீனியைத் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வேலை செய்யும் குதிரைக்கு வெயிலில் வியர்வை நின்றால் அது பரவாயில்லாத விஷயம் அல்ல, அபாயம். உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குள்ள பெரிய வழி வியர்வைதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்த்தாலும் சீக்கிரம் ஆவியாகாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் சில குதிரைகளுக்கு வியர்க்கும் சக்தியே போய்விடும். வெப்ப நாடுகளில் இது தெரிந்த நோய். ஒரு மணிக்கு அந்த வரிசையில் நின்று நான் பேசாமல் இருந்தது இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் இப்போது பேசுகிறேன்.

பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், பெரிய வித்தை இல்லை. குதிரையின் மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். விலாப்பக்கம் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தால் சவாரியை நிறுத்திவிடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடேறிய குதிரைமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை இழுத்துக்கொள்ளும் என்ற பழைய பயம் தேவையில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கையொட்டி நடந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. குடிக்கவும் கொடுங்கள். சும்மா நிற்கும் நாளிலேயே ஒரு குதிரைக்கு 25 முதல் 50 லிட்டர் வேண்டும்.

கேள்வி: என் எடை 98 கிலோ. தர்மத்துக்காக நானும் ஏறலாமா? (தொழிலதிபர், கிள்ளான்)

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏற்றலாம் என்பது பொதுவான வரம்பு, அதுவும் சேணத்தையும் சேர்த்து. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. உங்களுக்கு 550 கிலோவுக்கு மேற்பட்ட குதிரை வேண்டும். இல்லையென்றால் சவாரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கூடவே நடந்து வாருங்கள். புண்ணியம் குறையாது, எடை குறையும்.

கேள்வி: குதிரை என்றாலே பந்தயம், பந்தயம் என்றாலே குடும்பம் நாசம். என் அப்பா சம்பளம் முழுவதும் அதில்தான் போனது. பத்திரிகை இதை ஆதரிக்கலாமா? (பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)

அம்மா, உங்கள் வலிக்கு நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். சம்பள நாளன்று சிலாங்கூர் டர்ஃப் கிளப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பிய அப்பாக்களை நம் ஊர் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே வந்தது. 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம், பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு எப்படியோ, வீட்டில் அரிசி இல்லாத குழந்தைக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

ஆனால் இங்கே சீட்டு இல்லை, யார் முந்தினார் என்பதும் இல்லை. இந்தச் சவாரிகளில் முதல் பரிசு, நாலு நம்பர் மாதிரி அதிர்ஷ்டக் குலுக்கல் என்று யாராவது ஆரம்பித்தால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

கேள்வி: கேஎல்சிசி இருக்கும் இடத்தில் குதிரை ஓடியதாமே? (மாணவி, பிரிக்பீல்ட்ஸ்)

ஓடியது. 1896-ல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் மைதானம் ஜாலான் அம்பாங்கில் அங்கேதான் இருந்தது. பிறகு கிளப் சுங்கை பீசிக்குப் போனது, மைதானத்தில் இரட்டைக் கோபுரம் எழுந்தது.

கேள்வி: எங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிப் பாட்டி சொல்வார். நிஜமா? (வாசகி, ஸ்கோட் சாலைக் கந்தசுவாமி கோயில் பக்கம்)

நிஜம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வம்சம் இன்றும் அங்கே சேணம் இல்லாமல் மேய்கிறது. ஆங்கிலேயர் காலத்திலும் குதிரை வளர்ப்பு நடந்தது. பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. காட்டுக் குதிரை என்பார்கள், சரியாகச் சொன்னால் கைவிடப்பட்ட வீட்டுக் குதிரையின் பேரப்பிள்ளைகள். சுற்றிலும் கடல், நடுவே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். வறட்சி வந்தால் அவை தவித்துப் போகின்றன. பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த சவாரியின் வசூலில் ஒரு பங்கை அந்தத் தீவின் தண்ணீர்த் தொட்டிக்கு ஒதுக்குவதை யாராவது முன்னெடுத்தால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலேசிய வெயிலில் நெடுந்தூரச் சவாரி சாத்தியமே இல்லை என்கிறார் என் நண்பர். (பொறியாளர், புத்ராஜெயா)

2008-ல் உலக நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி திரங்கானுவில்தான் நடந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். தூரம் 160 கிலோமீட்டர். அப்போது மாமன்னராக இருந்த சுல்தான் மிசான் சைனல் அபிடினே இந்த விளையாட்டின் சவாரி வீரர்.

அது சாத்தியமானதற்குக் காரணம் வேகம் அல்ல, நிறுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் நிற்பார். குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்க வேண்டும். கால் நொண்டக் கூடாது. இல்லையென்றால் ஏறியவர் சுல்தானாக இருந்தாலும் இறங்க வேண்டியதுதான். உலகப் போட்டிக்கே இந்த விதி என்றால், பத்து கிலோமீட்டர் தர்ம சவாரியில் பாதி வழியில் ஒரு மருத்துவரை நிறுத்துவது பெரிய செலவா?

கேள்வி: பார்வையற்றவர் குதிரை ஓட்ட முடியுமா? (வாசகர், ஜாலான் துன் சம்பந்தன்)

முடியும் ஐயா. 1996 முதல் பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் இருக்கிறது, பார்வைக் குறையுள்ளவர்களும் போட்டியிடுகிறார்கள். மைதானத்தின் ஓரங்களில் உள்ள அடையாள எழுத்துகளின் அருகே ஆட்கள் நின்று அவற்றைக் குரல் கொடுத்துச் சொல்வார்கள். அந்தக் குரலை வைத்தே திரும்புவார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-லிருந்து இயங்குகிறது, தலைமையகம் உங்கள் பிரிக்பீல்ட்ஸில்தான். வெள்ளைக் கோலோடு ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். தோட்டத்துச் சவாரி நடத்துகிறவர்கள் அவர்களுக்கு ஒரு அழைப்பிதழ் அனுப்ப வேண்டும்.

கேள்வி: குதிரையை வதைத்தால் தண்டனை உண்டா? (வாசகர், பந்திங்)

உண்டு. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வதை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். புகாரைக் கால்நடைச் சேவைத் துறையிடம் கொடுங்கள். ‘தர்ம காரியம்’ என்று பதாகை கட்டியிருப்பது சட்டத்தில் விலக்கு ஆகாது.

கேள்வி: எனக்குக் குதிரை என்றால் பயம். எப்படிப் பழகுவது? (கல்லூரி மாணவி, ஷா ஆலம்)

பின்னாலிருந்து போகாதே தங்கச்சி, நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே போ. கையைத் திறந்து மோந்து பார்க்க விடு. காது முன்னால் நின்றால் ஆர்வம். இரண்டு காதும் பின்னால் ஒட்டிப் படுத்தால் ஒதுங்கு. உன்னைவிடப் பத்து மடங்கு எடை இருந்தாலும் காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டு நடுங்கும் பிராணி அது. உன் பயம் அதற்குப் புரியும். தலைக்கவசமும், டெட்டனஸ் ஊசியும் மட்டும் மறக்காதே.

கேள்வி: என்னிடம் பணம் இல்லை. குதிரை ஏறவும் தெரியாது. ஆனால் ஏதாவது செய்ய ஆசை. (தொழிற்சாலை ஊழியர், காப்பார்)

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

பிள்ளை ஒன்று குதிரை ஏற மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிறு பிடித்து முன்னால் நடப்பார். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம், பிள்ளையின் தொடைமேல் கை வைத்தபடி கூடவே நடப்பார்கள். இவர்களுக்கு ஏறத் தெரிய வேண்டியதில்லை. அரைநாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வேண்டியது மூடிய சப்பாத்து, பொறுமை, சொன்ன நாளில் வந்து நிற்கும் நாணயம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை, அதனால் காலை ஏழரைக்குள் லாயத்தில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலுக்குப் போக நேரம் மிச்சமிருக்கும்.

அந்த மூவரில் ஒருவர் வராமல் போனால் அன்றைக்கு ஒரு பிள்ளை ஏறாமலே வீட்டுக்குத் திரும்புகிறது.